கிணற்றடி மரத்துக்கு என்ன விலை

"இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் விலை பாதியாக இறங்கிவிடும், மேடம். அதற்குள் ஏன் அவசரப்பட வேண்டும்?"

போன மாதம் என் மாணவி கேட்டது இது. முந்திரி மரங்களின் முழு மரபணுத்தொகுதியையும் (ஜீனோம்), அதாவது டிஎன்ஏவின் எல்லா எழுத்துகளையும், வரிசைப்படுத்துவதற்காக ஓர் ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறாள். கையில் ஒரு நிறுவனம் அனுப்பிய விலைப்புள்ளி. அதற்குப் பக்கத்தில், ஒரு மரபணுத்தொகுதியைப் படிக்க ஆகும் செலவு ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறியது என்று காட்டும் ஒரு வரைபடம். இந்தத் துறைக்குள் கால் வைத்த எல்லோரும் அதை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். 2001-இல் உச்சியில் தொடங்கும் கோடு, 2008 வாக்கில் செங்குத்தாகச் சரிந்து, அதன் பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கும். அவள் யோசிக்காமல் பேசவில்லை, கணக்குப் போட்டுத்தான் பேசினாள். நான் பதில் சொல்லாமல் "நாளைக்குப் பேசலாம்" என்று எழுந்து வந்துவிட்டேன். கடலூர் பஸ் நிலையம் வரைக்கும் நடந்தேன். பண்ருட்டி பஸ்ஸில் ஏறி, நெல்லிக்குப்பம் தாண்டிய பிறகும் அந்தக் கேள்வி மனத்தைவிட்டு இறங்கவில்லை. கிட்டத்தட்ட இதே சொற்களை 2011-இல் நான் கேட்டிருக்கிறேன். சொன்னவர் என் நெறியாளர். அவர் சொன்ன கணக்கும் சரியான கணக்குதான். அந்தச் சரியான கணக்கை நம்பி நான் எதைத் தொலைத்தேன் என்பதை அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் தாய்மாமன் தோப்பு பண்ருட்டிக்குத் தெற்கே செம்மண் பூமியில் இருக்கிறது. முந்திரிக்கு நடுவே நாற்பது பலா மரங்கள் நின்றன. எங்கள் வீட்டில் மரங்களுக்கு ரகப் பெயர் சொல்லும் வழக்கம் கிடையாது, நிற்கும் இடத்தை வைத்துத்தான் பெயர். வேலியோர மரம், களத்து மரம், ஐயனார் மரம், கிணற்றடி மரம். இதில் கிணற்றடி மரம் என் பாட்டனார் கொட்டை ஊன்றி வளர்த்தது. மற்ற மரங்கள் சித்திரையில் பழுக்கத் தொடங்கி ஆடியோடு ஓய்ந்துவிடும். இது மட்டும் அத்தோடு நிற்காமல், ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு முறை ஏழெட்டுப் பழமாவது கொடுக்கும். அடைமழை நாளில், விறகு ஈரமாகிப் புகையும் அடுப்படியில் உட்கார்ந்து பலாச்சுளை தின்ற நினைவு எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் உண்டு. சுளை சிறியதுதான். ஆனால் சடை குறைவு, கடித்தால் நறுக்கென்று இருக்கும். கொட்டையை எடுத்துவிட்டால் வெறும் சுளை கையில் துவளாமல் நிற்கும்.

பலாவில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். பெண் பூவுக்கு மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து வந்து சேரும். அதனால் கொட்டை போட்டு முளைத்த ஒவ்வொரு மரமும் தனி ஆள். தாயைப் போலவே பிள்ளை வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பாலூர் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த வட்டாரத்துத் தோப்புகளில் தேடித் தேடி நல்ல மரங்களைத் தேர்ந்தெடுத்து ரகமாக வெளியிட்டதும் இதனால்தான். கிணற்றடி மரத்தை அவர்கள் பார்த்ததில்லை. அது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த மரம். புதுச்சேரியில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது, இரண்டு பருவம் காய்க்கும் அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு அதன் முழு மரபணுத்தொகுதியையும் படித்து, பக்கத்து மரங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

2011-இல் அந்த ஆசையின் விலை எவ்வளவு? மனித மரபணுத்தொகுதித் திட்டம் 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்தபோது அதற்கு ஆன செலவு 1991-ஆம் ஆண்டு மதிப்பில் சுமார் 270 கோடி டாலர். நான் சொன்ன வரைபடத்தின்படி, 2001-இல் ஒரு மனித மரபணுத்தொகுதியைப் படிக்க சுமார் 9.5 கோடி டாலர் ஆனது. 2011 கடைசியில் அது 8,000 டாலருக்கும் கீழே வந்திருந்தது. பத்து ஆண்டுகளில் இப்படி விலை இறங்கிய பொருள் வேறு ஏதாவது உண்டா என்று எங்கள் துறையில் எல்லோரும் வியந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் இந்த விலை மனிதனுக்கு. மனிதனுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஏற்கெனவே ஒரு மூல வரைவு இருந்தது. பலாவுக்கு அப்படி ஒன்று கையில் இல்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து கோத்தெடுக்க வேண்டும். ஒரு ஆய்வு மாணவியின் உதவித்தொகைக்கும் அந்தச் செலவுக்கும் சம்பந்தமே கிடையாது. நெறியாளர் அந்த வரைபடத்தில் விரலை வைத்து, "கோடு எங்கே போகிறது பார். இரண்டு வருடம் பொறு. இப்போது வேறு ஏதாவது செய்" என்றார். நானும் வேறு வேலையை எடுத்துக்கொண்டேன். ஆனால் முன்போலவே விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் தோப்புக்குப் போய், கிணற்றடி மரம் எப்போது பூக்கிறது, எத்தனை பிஞ்சு நிற்கிறது, அடிமரத்தின் சுற்றளவு என்ன என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். மாமா கிணற்றுத் திட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தானே

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. அன்றைக்கு இந்த மாவட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் எதுவும் விவரிக்க வேண்டியதில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகப் படுத்துவிட்டன. சாலை நெடுக மரங்கள் விழுந்து கிடந்ததால் நான் ஊர் போய்ச் சேர்வதற்கு மூன்றாவது நாள் ஆகிவிட்டது.

நாற்பதில் பதினேழு மரங்கள் நின்றன. கிணற்றடி மரம் வேரோடு சாய்ந்து, கிணற்றுத் திட்டின் ஒரு பக்கத்தை உடைத்துக்கொண்டு கிடந்தது. பிடுங்கி நின்ற வேர்த்தட்டு என் தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. வேருக்கு நடுவே செம்மண் இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. முறிந்த கிளைகளின் வாயில் பால் வடிந்து, வெள்ளை மாறி, தவிட்டு நிறத்தில் கோந்தாக இறுகியிருந்தது. இலைகள் வாடவில்லை. இதை நான் மறுபடியும் சொல்ல வேண்டும்: மூன்றாவது நாளும் இலைகள் பச்சையாகவே இருந்தன. வழக்கமாக ஏணி போட்டால்தான் எட்டும் நுனிக்கிளைகள் அன்றைக்கு என் இடுப்பு உயரத்தில் கிடந்தன. நான் கிளையைத் தடவிப் பார்த்தேன், அழுதேன், மாமாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு இலையைக்கூடப் பறிக்கவில்லை.

ஏன் பறிக்கவில்லை என்று பிறகு ஆயிரம் முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். துக்கம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், என் மனத்தில் அந்த இலைக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. இலை என்றால் டிஎன்ஏ, டிஎன்ஏ என்றால் வரிசைப்படுத்தல், வரிசைப்படுத்தல் என்றால் எனக்கு எட்டாத பணம். எட்டாத பணத்துக்கு முன்னால் எட்டுகிற தூரத்தில் இருந்த இலை என் கண்ணில் படவே இல்லை. அன்று ஒரு கைப்பிடி இலையைப் பழுப்பு உறையில் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு மூடி வைத்திருந்தால், இன்றைக்கும் அதிலிருந்து டிஎன்ஏ எடுத்திருக்கலாம். நாலு ஒட்டுக்குச்சி வெட்டி ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துப்போய் நாட்டுக்கன்றில் கட்டியிருந்தால், மரமே கிடைத்திருக்கலாம். இரண்டு வேலைக்கும் சேர்த்து அன்றைக்கு நூறு ரூபாய் ஆகியிருக்காது.

பொங்கலுக்கு முன்னாலேயே கட்டை வியாபாரிகள் வந்துவிட்டார்கள். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பண்ருட்டிப் பலாக்கட்டை தஞ்சாவூர் வரைக்கும் போகும், நல்ல விலை உண்டு. ஆனால் வட்டாரமே விழுந்து கிடக்கும்போது கட்டைக்கு என்ன விலை கிடைக்கும்? மாமா எல்லா மரத்தையும் மொத்தமாகப் பேசி அனுப்பிவிட்டார். கிளையில் அறுத்த ஒரு மணைப்பலகை மட்டும் வீட்டில் தங்கியது.

பங்குனியில் நான் மறுபடியும் போனபோது, கிணற்றடியில் பள்ளத்தை மூடி மண் நிரவியிருந்தார்கள். மாமா அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அதில் கன்று எப்போதம்மா கொண்டுவந்து வைப்பாய்?"

எனக்குப் புரியவில்லை. "எந்தக் கன்று மாமா?" என்றேன்.

"அந்த மரத்துக் கன்றுதான். இரண்டு வருடமாக அதைச் சுற்றிச் சுற்றி அளந்து எழுதிக்கொண்டிருந்தாயே. நீ எப்படியும் எடுத்து வைத்திருப்பாய் என்றுதான் நான் குச்சி வெட்டவில்லை."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நம்பிக்கையோடுதான் கேட்டார். ஒட்டுக் கட்டுவது அவருக்குக் கைவந்த வேலை. அந்த வாரத்தில் வீட்டு ஓடு பறந்து, மின்சாரம் இல்லாமல், விழுந்த மரங்களுக்கு நிவாரணக் கணக்கு எழுத அலைந்துகொண்டிருந்தவர், இந்த ஒரு மரத்தைப் பற்றி மட்டும் கவலைப்படாமல் இருந்திருக்கிறார். காரணம், படித்த மருமகள் ஒருத்தி அதைப் பார்த்துக்கொள்கிறாள் என்ற எண்ணம். நான் இல்லை என்று சொன்னபோது அவர் முகத்தில் வந்த குழப்பத்தை எந்த நோட்டிலும் குறிக்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. "காசு வரட்டும் என்று இருந்தேன் மாமா" என்றேன். "குச்சி வெட்டுவதற்கா?" என்று கேட்டார்.

பல ஆண்டுகள் கழித்து அந்த மணைப்பலகையின் அடிப்புறத்தைச் சீவி, தூளாக்கி, டிஎன்ஏ எடுக்க முயன்றேன். காய்ந்த மரத்தில் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்திருக்கும் என்று தெரிந்தேதான் செய்தேன். டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில், அடியில் மங்கலாக ஒரு புகைபோலத் தெரிந்தது. அவ்வளவுதான்.

விலைப்புள்ளியில் வராதவை

2023-இல், கடலூரில் ஆசிரியையாகப் பணியில் இருந்துகொண்டு, மறுபடியும் பலாவுக்கே வந்தேன். இப்போது விலை உண்மையாகவே இறங்கியிருந்தது. மனித மரபணுத்தொகுதி ஒன்றுக்கு 2022-இல் சுமார் 500 டாலர் என்ற நிலை. அதே ஆண்டில் கருவி நிறுவனங்கள் 200 டாலர், 100 டாலர் என்று போட்டி போட்டு அறிவித்தன. பலாவுக்கும் 2020-இல் ஒரு வரைவு வெளியாகியிருந்தது: சுமார் 98 கோடி எழுத்துகள், மனிதனுடைய 310 கோடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வரைவு எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் இருக்கிறது. என் கைக்கு வந்த விலை குறைவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். யாரோ முதலிலிருந்து கோத்துக் கொடுத்துவிட்டார்கள், நான் என் மரத்தைப் படித்து அதன்மேல் பொருத்திப் பார்த்தால் போதும்.

எனக்கு வந்த விலைப்புள்ளி இப்படி இருந்தது: ஒரு மரத்துக்கு 1,000 கோடி எழுத்துகள், அதாவது மரபணுத்தொகுதியைச் சராசரியாகப் பத்து முறை படிப்பதற்கு 14,000 ரூபாய். நாற்பது மரத்துக்கு 5,60,000. பதினெட்டு விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் 6,60,800 ரூபாய். பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சிதான். 2011-இல் கனவிலும் நினைக்க முடியாத தொகை இது. ஆனால் நிதிக்கான மனுவை எழுத உட்கார்ந்தபோது, இந்த எண்ணுக்கு வெளியே எவ்வளவு இருக்கிறது என்று தெரிய ஆரம்பித்தது. அந்த வரைபடத்தை வெளியிடுவது அமெரிக்காவின் தேசிய மனித மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனம். தர மதிப்பீடு, மென்பொருள் உருவாக்கம், வந்த தரவைப் பகுத்து ஆராய்வது ஆகியவற்றின் செலவு இந்தக் கணக்கில் சேராது என்று அவர்களே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் கோட்டைத்தான் பார்த்தோம், அந்த விளக்கத்தைப் படிக்கவில்லை.

முதலில் டிஎன்ஏ. நிறுவனம் கேட்பது சுத்தமான டிஎன்ஏ, நம்மிடம் இருப்பது பலா இலை. பலாவைப் பற்றித் தெரிந்த எவரும் எண்ணெய் தடவாமல் கத்தியைக் கையில் எடுக்க மாட்டார்கள். அதே பால், அதே பிசின், இலையை அரைக்கும்போதும் வருகிறது. கால்நடை மருத்துவமனையில் சினை ஊசிக்குப் பயன்படுமே, அதே மாதிரிக் கேனில் திரவ நைட்ரஜன் வாங்கி வந்து, கல்வத்தில் இலையைப் பொடித்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் மெர்காப்டோஎத்தனால் கலந்த, டிஎன்ஏவைப் பிரித்தெடுக்க உதவும் சிடிஏபி கரைசலில் போட்டு, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, சுழற்றி எடுத்தால், குழாயின் அடியில் வெள்ளையாகப் படிய வேண்டிய டிஎன்ஏ வெல்லப்பாகு நிறத்தில் நின்றது. பிப்பெட்டால் உறிஞ்சினால் நூல்போல இழுத்துக்கொண்டு வந்தது. முதல் தவணையாகப் பன்னிரண்டு மரங்களின் டிஎன்ஏவை அனுப்பினோம். எட்டு தேறவில்லை என்று கடிதம் வந்தது. தேறாத மாதிரிக்கும் பரிசோதனைக் கட்டணம் உண்டு, கூரியருக்கும் பணம் உண்டு. மூன்று மாதம் அதோடு போராடினோம். கடைசியில் கைகொடுத்தவை இரண்டு: முற்றிய இலையை விட்டுவிட்டு விரியாத குருத்தை எடுத்தோம். பொடியை நேரடியாகச் சிடிஏபியில் போடாமல், முதலில் சார்பிட்டால் கரைசலில் இரண்டு மூன்று முறை அலசிப் பிசினை வெளியேற்றினோம். அதன் பிறகு ஒருநாள் மாலை குழாயின் அடியில் நிறமில்லாத, கண்ணாடித் தூசிபோல ஒரு படிவு தெரிந்தது. ஆய்வகத்தில் இருந்த நாலு பேரும் மாறி மாறி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அந்த மூன்று மாதத்தின் விலை எந்த விலைப்புள்ளியிலும் வராது.

அடுத்தது ஆழம், அதாவது ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக எத்தனை முறை படிப்பது என்பது. பத்து முறை எதற்கு, நாலு முறை படித்தால் விலை குறையுமே என்று நிதி அலுவலகத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பலாவைப் போலக் கலந்து கருவுறும் மரத்தில் தாயிடமிருந்து வந்த எழுத்தும் தந்தையிடமிருந்து வந்த எழுத்தும் பல இடங்களில் வெவ்வேறாக இருக்கும். கருவி ஒவ்வொரு முறையும் இரண்டில் ஏதோ ஒன்றைத்தான் படிக்கும், காசு சுண்டுவதுபோல. நாலு முறை படித்தால் நாலும் ஒரே பக்கமாக விழுந்து மற்ற எழுத்து கண்ணில் படாமலே போகும் வாய்ப்பு எட்டில் ஒன்று. பத்து முறை படித்தால் 512-இல் ஒன்று. அதுவும் பத்து என்பது சராசரிதான். சில இடங்களில் இருபது முறை படித்திருக்கும், சில இடங்களில் மூன்றோடு நின்றிருக்கும். ஆகவே ஆழத்தைக் குறைத்தால் பணம் மிஞ்சும், மரத்தின் குணத்தில் ஒரு பகுதி தவறிப்போகும். ஆழத்தைக் கூட்டினால் மரங்களின் எண்ணிக்கை குறையும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒவ்வொரு திட்டமும் நிற்கிறது.

பிறகு, படித்தவற்றைப் புரிந்துகொள்ள ஓர் ஆள். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. ஒரு வருடத்துக்கு 4,44,000. நாற்பது மரத்தின் வரிசைப்படுத்தலுக்கு ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கு. மனுவில் வெட்டு விழும்போது முதலில் விழுவது இந்த வரியில்தான். எழுத்துகளுக்குப் பணம் கொடுப்பார்கள், அவற்றைப் படிப்பவருக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். ஹார்ட் டிஸ்க்குகள் நிறையத் தரவு வந்து, பார்க்க ஆளில்லாமல் அலமாரியில் கிடக்கும் திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு ஆய்வகத்தில் மலிவு என்று அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தச் சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையத்தின் அலுவலகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது, தூரமில்லை.

பதினாறு மரம், இருநூறு உறை

மனுவைப் பரிசீலித்த குழு இரண்டு யோசனை சொன்னது. ஒன்று, நாற்பதைப் பத்தாக்கி ஆழமாகப் படியுங்கள். இல்லையென்றால் இரண்டு வருடம் காத்திருங்கள், விலை இறங்கும். இரண்டாவது யோசனையைக் கேட்டபோது என் கை நடுங்கியது உண்மை. அன்றிரவு மனுவைத் திருத்தி எழுதினேன். வரிசைப்படுத்துவது பதினாறு மரம், வரியோடு 2,64,320 ரூபாய். மிச்சமாகும் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகையில் ஒரு ஆய்வாளருக்கு ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். வேறு தலைப்பில் இருந்த பயணச் செலவைக் குறைத்து, இருநூறு மரங்களிலிருந்து இலை சேகரித்துக் காய வைப்பது. தோப்புக்காரர்கள் எந்த மரத்தை இழக்கக் கூடாது என்று சொல்கிறார்களோ அந்த மரத்தில் ஒட்டுக் கட்டுவது. "ஜீனோம் ஆய்வில் ஒட்டுக்கன்றுக்கு எதற்குப் பணம்?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். வரிசைப்படுத்திய மரம் செத்துப்போனால், அதில் கண்டுபிடித்ததை எங்கே போய்ச் சரிபார்ப்பது, அந்தத் தகவலை வைத்து யார் எந்தக் கிளையில் காய் பறிப்பது என்று கேட்டேன். 10,000 பேரின் மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தில்கூட, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையத்தில் சுமார் 20,000 பேரின் இரத்த மாதிரிகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். படித்ததைவிட இரண்டு மடங்கு. ஒப்புக்கொண்டார்கள்.

காய்ந்த இலை எல்லாவற்றுக்கும் உதவாது. நீளமான துண்டுகளைப் படிக்கும் புதிய கருவிகளுக்கு உடையாத டிஎன்ஏ வேண்டும், அதற்குப் பச்சைக் குருத்துதான் சரி. எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கும் உலர்ந்த இலை போதாது. காத்திருப்பதே தவறு என்றும் நான் சொல்லவில்லை. கருவியின் விலைக்காகக் காத்திருக்கலாம், அதில் அறிவும் சிக்கனமும் இருக்கிறது. இலையையும் குச்சியையும் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நான் தூங்கவில்லை. ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் மின்சாரம் போய், மைனஸ் இருபதில் இருக்க வேண்டிய உறைபெட்டியிலிருந்து தண்ணீர் தரையில் வழிந்திருந்தது. உள்ளே இருந்த நொதிகள், சில கரைசல்கள் எல்லாம் வீண். அதை அப்படியே விட்டுவிட்டு, எவர்சில்வர் அரிசித் தூக்குகளில் அடுக்கி மேல் அலமாரியில் வைத்திருந்த உறைகளைத்தான் முதலில் இறக்கினேன். ஒவ்வொரு உறையிலும் சில சிலிக்கா மணிகள் நீலமாக இருக்கும், ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாக மாறும். மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதுவரை சேர்ந்திருந்தது 143 உறை. மூன்றில் மட்டும் சிவப்பு. அந்த மூன்றின் மணிகளை மாற்றினோம். மாமா மகனுக்குத் தொலைபேசியில் கேட்டேன். தோப்பில் களத்து மரம் ஒரு கிளை முறிந்திருந்தது. அதன் ஒட்டுக்கன்று வேலியோரத்தில் முழங்கால் உயரம் நிற்கிறது என்றார். மாமா இப்போது இல்லை.

போன மாதம் மாணவி அந்தக் கேள்வியைக் கேட்டதற்கு மறுநாள் அவளைக் கூப்பிட்டு, விலைப்புள்ளியை மேசை இழுப்பறையில் வைக்கச் சொன்னேன். பழுப்பு உறை ஒரு கட்டு, சிலிக்கா ஜெல் இரண்டு கிலோ, ஒரு பென்சில் கொடுத்தேன். பேனா மை ஈரத்தில் கலங்கும். சனிக்கிழமை அவள் அண்ணனோடு முந்திரிக்காட்டுக்குப் போனாள். பதினொரு மணி வாக்கில் அங்கிருந்து அழைத்தாள்.

"மேடம், உறையில் மரத்துக்கு நம்பர் போட்டுவிட்டேன். பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன எழுதுவது? இந்த வீட்டுப் பாட்டி இதை அத்தை மரம் என்கிறார்கள்."

"அப்படியே எழுது" என்றேன். "எந்த அத்தை என்றும் கேட்டு எழுது."